வீட்டுப் பழுதுவேலையும் வளர்ப்புப் பிராணிகளின் கூச்சலும்

மழைக்காலம் தொடங்குமுன் வீட்டைச் செப்பனிட்டுக்கொள்வது நம் நாட்டுக் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். உடைந்த ஓடுகளை மாற்றுதல், உளுத்துப்போன கைமரங்களைக் கழற்றிப் புதியன பொருத்துதல், சுவர் வெடிப்புகளைக் கொத்திச் சாந்து பூசுதல், தண்ணீர்க் குழாய் பதித்தல் முதலிய வேலைகள் நடைபெறும் நாள்களில் வீட்டு நாய் ஓயாது குரைப்பதையும், கோழிகள் கூவிச் சிதறுவதையும், கூண்டுப் பறவைகள் கிறீச்சிடுவதையும் காணாதார் இல்லை. இக்கூச்சலைப் பெரும்பாலோர் வெறும் தொல்லையாகவே கருதுகின்றனர். நாயை அதட்டுகின்றனர், அடிக்கின்றனர், அதுவும் பலிக்காவிடில் குறுகிய சங்கிலியால் வேலை நடக்கும் இடத்தருகிலேயே கட்டிவிடுகின்றனர். இச்செயல்களால் கூச்சல் அடங்குவதில்லை. அச்சமே மிகுகின்றது; சிற்சில சமயங்களில் வேலைக்கு வந்தவர் கடிபடவும் நேர்கின்றது. பிராணி ஏன் கூச்சலிடுகிறது என்பதை அறிந்தால் இத்தீங்குகளில் பெரும்பகுதியைச் செலவின்றியே தவிர்க்கலாம்.

எல்லைப்புறக் கிராமங்களின் நிலை

கேரள மாநிலத்தின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தை அடுத்துள்ளது காரக்கோணம். இவ்வூரையும் பாறசாலைப் பக்கத்துக் கிராமங்களையும் இப்பொருளுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்ட பின்னரும், இரு பக்கத்து மக்களும் தமிழும் மலையாளமும் பழகியவர்களாய், வீடு கட்டும் முறையிலும் பெரிய வேறுபாடின்றி வாழ்ந்து வருகின்றனர். தென்னை, பலா, வாழை, ரப்பர் மரங்களிடையே ஒவ்வொரு வீடும் தனித்தனி வளாகத்தில் அமைந்திருப்பதால், வீட்டைச் சுற்றியே நாயும் பூனையும் கோழியும் ஆடும் பசுவும் வளர்கின்றன.

இங்கு ஆண்டில் இரு மழைப்பருவங்கள் உண்டு. இடவப்பாதி என வழங்கும் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத் தொடக்கத்திலும், துலாவர்ஷம் என வழங்கும் மழை அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பெய்யும். ஆகவே கூரைவேலை முழுவதும் கோடையிலேயே முடிய வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடப்பட்டுச் சிறுவர் வீட்டில் இருப்பதும் அக்காலத்திலேயே. அஞ்சிய நாயும், அறிமுகமில்லாத வேலைக்காரரும், விளையாடும் குழந்தைகளும் ஒரே முற்றத்தில் கூடுகின்றனர் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

வேலையின் ஓசையும் முன்போல் இல்லை. மங்களூரில் 1865-ஆம் ஆண்டு பாஸல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவப்பட்டபின் மேற்குக் கடற்கரை முழுவதும் ஓட்டுக்கூரை பரவியது. ஓட்டு வீட்டில் எழும் ஓசை, சுத்தியலும் உளியும் ரம்பமும் எழுப்பும் ஓசையே. கைத்துப்பாக்கி போன்ற பிடியுடன் கூடிய மின்துளைக் கருவிக்கு அமெரிக்காவில் 1917-ஆம் ஆண்டு காப்புரிமை வழங்கப்பட்டது. கையில் பிடித்து உலோகத்தையும் கல்லையும் அறுக்கும் சுழல் கருவி 1954-ஆம் ஆண்டு ஜெர்மனியில் தோன்றியது. இன்று கான்கிரீட் வீடுகள் பெருகியதால் டிரில், கட்டர் என்று வேலைக்காரர் அழைக்கும் இக்கருவிகள் சிற்றூர்களிலும் சாதாரணமாகிவிட்டன. கான்கிரீட் சுவரின் ஒரு மூலையைத் துளைக்கும்போது அதிர்வு தளத்தின் வழியாகவும் தூண்களின் வழியாகவும் வீடு முழுவதும் பரவுகிறது. ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்பது உள்ளிருக்கும் பிராணிக்கு எளிதில் புலப்படுவதில்லை.

ஒரே ஓசை, வேறுவேறு செவிகள்

மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரை அதிர்வுகள் கொண்ட ஒலிகளை உணர வல்லது. நாய் ஏறத்தாழ 67 முதல் 45,000 வரையும், பூனை 48 முதல் 85,000 வரையும் உள்ள அதிர்வுகளை உணரும் என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹெஃப்னரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1980-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் செய்த சோதனைகள் காட்டின. உலோகக் கம்பியை அறுக்கும் கருவி நமக்குக் கேட்கும் ஓசையோடு, நம் செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வுகளையும் எழுப்புகிறது. நமக்கு இல்லாத அந்த ஓசை நாய்க்கும் பூனைக்கும் உண்டு.

கோழியின் நிலை வேறு. 2014-ஆம் ஆண்டு அதே ஆராய்ச்சிக் குழுவினர் கோழியின் செவியைச் சோதித்தபோது, அது 7,000 அதிர்வுகளுக்குச் சற்று மேல் வரையே நன்கு கேட்கும் என்றும், ஆனால் கீழ் எல்லையில் விநாடிக்கு 9 அதிர்வுகள் கொண்ட மிகத் தாழ்ந்த ஒலியையும் உணரும் என்றும் கண்டனர். இத்துறையில் கோழி மனிதனையும் விஞ்சியது. மேலும், பறவைகளின் கால்களில் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் உள்ளன. எனவே கட்டரின் கூரிய ஓசைக்கு நாய் முந்திக்கொள்வதும், தரையை இடிக்கும் கனத்த ஓசைக்குக் கோழி கலங்குவதும் வியப்பன்று.

ஒலியின் உரப்பை டெசிபெல் என்னும் அளவால் குறிப்பர். சாதாரண உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபெல். கான்கிரீட்டைத் துளைக்கும் கருவியின் அருகே 90 முதல் 100 டெசிபெல் அல்லது அதற்கு மேலும் இருக்கும். இவ்வளவில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. ஆகவே 100 டெசிபெல் ஓசையின் ஆற்றல் உரையாடல் ஒலியின் ஆற்றலைப்போல் 10,000 மடங்கு. ஆயினும், திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்தோறும் உரப்பு ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல் உள்ள ஓசை 16 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 76 டெசிபெல்லாகும். இடையில் ஒரு சுவரும் இருந்தால் இன்னும் குறையும். நாயின் கட்டுத்தறியை வீட்டின் முன்புறத்திலிருந்து தோட்டத்தின் கோடிக்கு மாற்றுவது எளிய காரியம். அதன் பயனோ பெரிது.

திடுக்கிடுதலும் கவனித்தலும்

உரப்பு ஒன்றே கூச்சலுக்குக் காரணமன்று. பேரிரைச்சலோடு பெய்யும் மழையில் உறங்கும் நாய், மெல்லிய ஒரு தட்டலுக்கு எழுந்து குரைக்கிறது. படிப்படியாக உயரும் ஓசையைவிடத் திடீரெனத் தொடங்கும் ஓசையே உடலைத் திடுக்கிடச் செய்கிறது. அடுத்து எப்போது ஒலிக்கும் என்று அறியமுடியாத ஓசை, சீராக ஒலிக்கும் ஓசையைவிட மிகுதியாகக் கலக்குகிறது. பழுதுவேலையின் ஓசை இவ்விரு தன்மைகளும் உடையது. கொத்தர் நான்கு அடி அடிப்பார், நின்று பார்ப்பார், மீண்டும் அடிப்பார். துளைக் கருவி அரை நிமிடம் அலறி ஓயும். எப்போது மீண்டும் அலறும் என்பது கருவியைப் பிடித்தவருக்கே தெரியும்.

புதிய ஓசை கேட்டதும் பிராணி தான் செய்துகொண்டிருந்ததை விட்டுச் செவியை நிமிர்த்தித் தலையைத் திருப்புவதை ருஷ்ய உடலியல் அறிஞர் ஈவான் பாவ்லாவ், ‘அது என்ன?’ என்று வினவும் அனிச்சைச் செயல் என அழைத்தார். 1904-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற இவர், நாய்களின் உமிழ்நீர்ச் சுரப்பை அளந்து கற்றலின் விதிகளை ஆராய்ந்தவர். சோதனைக்கூடத்தில் ஒருவர் நடக்கும் ஓசையும், தெருவில் வண்டி செல்லும் அதிர்வும் நாயின் கவனத்தைக் கவர்ந்து அன்றைய சோதனையையே கெடுத்துவிடுவதை அவர் கண்டார். இதன் பொருட்டு 1910-ஆம் ஆண்டு முதற்கொண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், தடித்த சுவர்களும் அதிர்வைத் தடுக்கச் சுற்றிலும் அகழும் கொண்ட தனிக் கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டது. மௌனக் கோபுரம் என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. நாயின் கவனத்தைச் சிறு ஓசையிலிருந்து காப்பதற்கு ஒரு கட்டடமே தேவைப்பட்டதென்றால், கூரைமேல் நாள் முழுதும் சுத்தியல் ஒலிக்கும் வீட்டில் நாயை அதட்டி அடக்க எண்ணுவது வீண் என்பது விளங்கும்.

உடலினுள் நிகழ்வது

அச்சம் மனத்தில் மட்டும் நிகழ்வதன்று. 1911-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கானன், டி லா பாஸ் ஆகிய இருவர், கூண்டிலிருந்த பூனைகளின் அருகே குரைக்கும் நாயைக் கொண்டுவந்தனர். அஞ்சிய பூனைகளின் இரத்தத்தில் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து அட்ரினலின் என்னும் பொருள் கலப்பதை அவர்கள் கண்டனர். இப்பொருள் இதயத் துடிப்பை விரைவாக்கி, எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடலை ஆயத்தப்படுத்துகிறது. இச்சோதனையால் மற்றொன்றும் தெளிவாகிறது. பழுதுவேலைக்கு அஞ்சிக் குரைக்கும் நாயின் குரலே பூனைக்கு இரண்டாவது அச்சமாக வந்து சேர்கிறது.

பசு வளர்ப்போர் அறியவேண்டிய சோதனை ஒன்று 1941-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்போரால் வெளியிடப்பட்டது. பால் கறக்கும் தறுவாயில் காகிதப் பைகளை ஊதி வெடித்தும், முதுகின்மீது பூனையை வைத்தும் பசுக்களை அவர்கள் அச்சுறுத்தினர். மடியில் பால் இருந்தும் பசுக்கள் அதை முழுமையாக இறக்கவில்லை. பாலை இறக்கச் செய்யும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பின் வேலையை அட்ரினலின் தடுப்பதே காரணம். தொழுவத்துக்கு அருகில் வேலை நடக்கும் நாள்களில் பால் குறைந்தால் அது பசுவின் பிடிவாதமன்று. கறவை வேளைக்கு முன்னும் பின்னும் சிறிது நேரம் கருவிகளை நிறுத்துவதே தக்க பரிகாரம்.

பழகிப்போவதும் மிகைப்படுவதும்

நாளடைவில் தானே பழகிவிடும் என்று பலர் கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு. தீங்கு விளைக்காத ஒரே தூண்டல் மீண்டும் மீண்டும் நேரும்போது எதிர்ச்செயல் குறைந்துகொண்டே வரும். இதன் இயல்புகளை 1966-ஆம் ஆண்டு ரிச்சர்ட் தாம்ப்சன், ஆல்டன் ஸ்பென்சர் ஆகிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒன்பதாகத் தொகுத்துக் கூறினர். அவற்றுள் மூன்று இங்கு முக்கியமானவை. முதலாவது, தூண்டல் இடைவிட்டால் எதிர்ச்செயல் மீண்டும் தலைகாட்டும். நேற்று மாலை அடங்கிய நாய் இன்று காலை புதிதாகக் குரைப்பது இதனாலேயே. இரண்டாவது, மெல்லிய தூண்டலுக்கு விரைவில் பழகலாம். மிகக் கடுமையான தூண்டலுக்குப் பழக்கமே ஏற்படாமலும் போகலாம். மூன்றாவது, ஓர் ஓசைக்குப் பழகிய நிலையில் வேறொரு வலிய ஓசை குறுக்கிட்டால் பழைய எதிர்ச்செயல் திரும்பிவிடும். சுத்தியலுக்குப் பழகிய நாய் கட்டர் ஒலித்தபின் சுத்தியலுக்கும் குரைப்பது இவ்விதியின்படியே.

கடுமையான அச்சமோ பழகுவதற்கு மாறாக வளரக்கூடியது. 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் லெனின்கிராடு நகரில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது பாவ்லாவின் நாய்கள் கூண்டுகளில் நீரில் மூழ்கும் நிலையில் மீட்கப்பட்டன. அவற்றுள் சில, தாம் முன்பு கற்றவற்றை இழந்தன. பின்னர் அறையினுள் சிறிதளவு நீர் பாய்ந்து வரும்படி செய்தபோது மீண்டும் பெருங்கலக்கம் அடைந்தன. தப்பிச் செல்ல வழியின்றி ஒருமுறை பட்ட அச்சம் நெடுநாள் நிலைக்கும் என்பதற்கு இது சான்று. குறுகிய சங்கிலியில் கட்டுண்டு, தலைக்குமேல் ஓடு உடைக்கப்படும் நாயின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குரலின் வகைகள்

எல்லாக் கூச்சலும் ஒரே பொருளுடையதன்று. ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகர ஆராய்ச்சியாளர் 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையில், பதிவுசெய்த குரைப்பொலிகளைக் கேட்டவர்கள் நாய் எத்தகைய நிலையில் குரைத்தது என்பதைப் பெரிதும் சரியாக ஊகித்தனர். தாழ்ந்த சுருதியில் இடைவெளியின்றி விரைந்து வரும் குரைப்பு சீற்றத்தையும், உயர்ந்த சுருதியில் இடைவெளி விட்டு வரும் குரைப்பு அச்சத்தையோ தனிமையையோ காட்டுவதாக அவர்கள் உணர்ந்தனர். வாயிலில் நிற்கும் வேலைக்காரர் இவ்வேறுபாட்டை அறிவது நன்று.

கோழிகளுக்கும் இருவகை எச்சரிக்கைக் குரல்கள் உண்டு. தரையில் வரும் பகைக்கு விட்டுவிட்டுக் கொக்கரிக்கும். வானில் வரும் பருந்துக்கு மெல்லிய நீண்ட குரல் எழுப்பிப் பதுங்கும். கூரையிலிருந்து விழும் பொருளும் அசையும் சாக்கும் இரண்டாவது குரலை எழுப்பக்கூடும். அவ்வேளையில் அடைக்கோழி முட்டைகளை விட்டு எழுந்தோடினால் முட்டைகள் ஆறிக் கெடும். அடைக்கப்பட்ட கோழிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூச்சுத் திணறி மடிவதும் உண்டு.

லவ் பேர்ட்ஸ் எனப் பலரும் அழைக்கும் பட்ஜெரிகர் என்னும் சிறு கிளிகளின் கூச்சலுக்கு மற்றொரு காரணமும் உண்டு. சுற்றிலும் இரைச்சல் மிகும்போது பேசுபவர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவதை 1911-ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் எடுத்துரைத்தார். இப்பறவைகளும் அவ்வாறே குரலை உயர்த்துகின்றன என்பது 1998-ஆம் ஆண்டு வெளியான சோதனையால் தெரியவந்தது. ஆகவே, கருவி ஓடும்போது அவை கத்துவது முழுவதும் அச்சமாகாது. இரைச்சலை மீறித் தம் துணையோடு பேசும் முயற்சியாகவும் இருக்கலாம். அவற்றை அடக்க வீட்டார் உரக்கக் கூவினால் அதுவும் இரைச்சலோடு சேர்ந்து பறவையின் குரலை மேலும் உயர்த்தும். இங்கு ஒன்றைக் கூறுதல் அவசியம். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது.

ஓசையற்ற அச்சம்

கூச்சலிடும் பிராணியைக் கவனிப்போர், வாய் திறவாத பிராணியைக் கவனிக்கத் தவறுகின்றனர். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், தம் நாய் ஓசைக்கு அஞ்சுவதாகக் கூறிய உரிமையாளர் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே. ஆனால் நாயின் நடத்தையைத் தனித்தனியாக விசாரித்தபோது, ஏறத்தாழப் பாதி நாய்களிடம் அச்சத்தின் அடையாளம் ஒன்றேனும் இருந்தது. பின்லாந்தில் 13,700 நாய்களைப் பற்றித் திரட்டி 2020-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட விவரங்களில், நூற்றுக்கு 32 நாய்களுக்கு ஓசையச்சம் இருந்தது. பிற அச்சங்கள், கவலைகள் யாவற்றினும் இதுவே மிகுதி.

வீட்டினுள் எழும் அன்றாட ஓசைகளையே பொருளாகக் கொண்டு கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 386 நாய் உரிமையாளரை வினவியும், 62 திரைப்பதிவுகளைப் பார்த்தும் 2021-ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். தாழ்ந்த சுருதியில் தொடர்ந்து வரும் ஓசையைவிட, உயர்ந்த சுருதியில் விட்டுவிட்டு வரும் ஓசையே நாய்களை மிகுதியாகக் கலக்கக்கூடும் என்றும், நாயின் கலக்கத்தைக் கண்ட உரிமையாளர் பலர் அதை வேடிக்கையாகவே எண்ணினர் என்றும் அவர்கள் கூறினர்.

இடைவிடாது இளைத்தல், உதட்டை நக்குதல், காதுகளைப் பின்னுக்கு மடித்தல், வாலை ஒடுக்குதல், நடுங்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், உணவை மறுத்தல், ஒளிந்துகொள்ளுதல் ஆகியவை ஓசையற்ற அச்சத்தின் அடையாளங்கள். பூனை பெரும்பாலும் ஒளிந்தே அஞ்சும். இதுவரை அஞ்சாதிருந்த முதிய நாய் புதிதாக ஓசைக்கு அஞ்சத் தொடங்கினால், மூட்டிலோ தசையிலோ வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரைக் கொண்டு பார்க்கச் செய்தல் வேண்டும். திடுக்கிடும்போது உடல் இறுகி வலி மிகுவதால், ஓசையும் வலியும் நாயின் உள்ளத்தில் இணைந்துவிடக்கூடும் எனப் பிரேசில், இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் 2018-ஆம் ஆண்டு 20 நாய்களை ஆராய்ந்து கருதினர்.

கடிபடும் அபாயம்

அஞ்சிய நாய்க்குத் தப்பியோட வழியில்லையெனில் அது கடிக்கும். குறுகிய சங்கிலியில் கட்டிய நாயின் எல்லைக்குள் கொத்தரோ குழந்தையோ செல்லும்போது இது நேரலாம். கடிபட்டால் காயத்தை உடனே ஓடும் நீரிலும் சோப்பாலும் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்குதல் வேண்டும். காயத்தின்மேல் மிளகாய், எண்ணெய், சுண்ணாம்பு முதலியன தடவுதல் கூடாது. வீட்டு நாய்தானே என்ற எண்ணத்தால் காலந்தாழ்த்துவது உயிருக்கே கேடாகும். நோயின் குறிகள் தோன்றியபின் அதைக் குணப்படுத்த நம்பத்தக்க வழி இல்லை. பழுதுவேலை தொடங்குமுன் நாய்க்கு ஆண்டுத் தடுப்பூசி போடப்பட்டதா என்று பார்ப்பது வீட்டாரின் முதற் கடமை.

சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. அளவுக்கு மீறிக் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் பிராணியை நெடுநேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பு வகுத்துள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளில் ஓசை எழுப்பும் கட்டடக் கருவிகளை இயக்குதல் கூடாது.

செய்யத்தக்கவை

களப்பணியாளர் வீட்டாருக்கு எடுத்துரைக்கத்தக்க முறைகள் பின்வருமாறு:

1. வேலை தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்பே, வேலை நடக்கும் இடத்திலிருந்து விலகிய ஓர் அறையையோ கொட்டகையையோ தேர்ந்து, நாய்க்கு அங்கேயே உணவும் படுக்கையும் அளித்துப் பழக்குக. வேலை தொடங்கிய பிறகு இழுத்துச் சென்று அடைத்தால் அவ்விடமே அச்சத்தின் இடமாகிவிடும்.

2. வேலைக்காரரை வேலைக்கு முன்னரே நாய்க்கு அறிமுகம் செய்க. புதிய மனிதரும் புதிய ஓசையும் ஒரே கணத்தில் வருவது இரட்டைச் சுமையாகும்.

3. ஓசையையும் விருப்பமான உணவையும் இணைக்க. நியூயார்க் நகரில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1924-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், முயலைக் கண்டு அஞ்சிய ஒரு சிறுவனுக்கு, அவன் விரும்பிய உணவை உண்ணும் வேளையில் முயலைத் தொலைவிலிருந்து சிறிது சிறிதாக அருகில் கொணர்ந்து அச்சத்தைப் போக்கிய முறை விவரிக்கப்பட்டது. நாய்க்கும் அவ்வாறே தொலைவில் மெல்லத் தட்டி, உடனே உணவளித்து, நாள்தோறும் சிறிது நெருங்கலாம். உணவை மறுத்தால் மிக நெருங்கிவிட்டதாகக் கொண்டு பின்வாங்குதல் வேண்டும்.

4. அதட்டுதல், அடித்தல் இரண்டையும் அறவே விடுக. ஓசையோடு அடியும் சேர்ந்து வந்தால், ஓசைக்கு அஞ்சியது சரியே என்று பிராணி கற்றுக்கொள்ளும். அருகிலமர்ந்து அமைதியாகத் தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்னும் எண்ணம் சரியன்று.

5. கட்டர் போன்ற கடிய கருவிகளின் வேலையை ஒரே வேளையில் தொகுத்துச் செய்ய ஏற்பாடு செய்க. அவ்வேளையில் நாயை வீட்டாரில் ஒருவர் வெளியே உலாவ அழைத்துச் செல்லலாம். கதவும் படலும் திறந்து கிடந்தால் அஞ்சிய நாய் சாலைக்கு ஓடி விபத்துக்குள்ளாகும். ஆகையால் தோல்வாரைக் கழற்றலாகாது.

6. கூண்டுப் பறவைகளை ஓசையிலிருந்து மட்டுமன்றித் தூசி, வண்ணப்பூச்சு, டர்ப்பன்டைன் ஆகியவற்றின் நெடியிலிருந்தும் அகற்றுக. பறவையின் சுவாச உறுப்புகள் மிக மென்மையானவை.

7. அடைக்கோழியின் கூட்டை வேலைக்கு முன்னரே இரவில் இடம் மாற்றுக. கோழிகளை நெருக்கமாக அடைக்காது, மூலைகளில் வைக்கோல் கட்டுகளை இட்டு அவை குவியாதபடி செய்க.

8. அச்சம் மிகுந்த பிராணிக்குக் கால்நடை மருத்துவரின் சொற்படியே மருந்து கொடுக்க. மனிதருக்குரிய மாத்திரைகளைக் கொடுத்தல் ஆபத்து. பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சாகும்.

நாய்க்குட்டியின் மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள காலம் புதியவற்றை ஏற்றுப் பழகுவதற்கு மிகவும் ஏற்றது என்பதை ஸ்காட், ஃபுல்லர் ஆகியோர் அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டனர். அப்பருவத்தில் தட்டல், ரம்ப ஓசை முதலியவற்றை மெல்லிய அளவில் கேட்டுப் பழகிய குட்டி, பிற்காலத்தில் அவற்றைப் பொருட்படுத்தாதிருக்க வாய்ப்பு மிகுதி.

பள்ளி மாணவருக்கு ஒரு பயிற்சி

இப்பொருளைக் கொண்டு ஆசிரியர் நல்லதொரு செய்முறைப் பாடத்தை நடத்தலாம். அண்டையில் ஏதேனும் வீட்டுவேலை நடக்கும்போது, மாணவர் பாதுகாப்பான தொலைவில் இருந்து நான்கு பத்திகள் கொண்ட அட்டவணையை நிரப்பலாம்: ஓசையின் வகை, பிராணி இருந்த தூரம், அதன் முதல் செயல், அமைதியடைய ஆன நேரம். இதனை மூன்று நாள்கள் தொடர்ந்து குறித்தால், ஒரு நாளினுள் எதிர்ச்செயல் குறைவதும், மறுநாள் காலை சிறிது திரும்புவதும், கருவி மாறியதும் மீண்டும் மிகுவதும் பெரும்பாலும் அவர்களுக்கே புலப்படும். சோதனைக்காகப் பிராணியை வேண்டுமென்றே அச்சுறுத்தலாகாது என்பதையும், குரைக்கும் நாயை நெருங்கலாகாது என்பதையும் முதலிலேயே வற்புறுத்துதல் வேண்டும். ஒளிந்திருக்கும் பூனையையும் உணவை மறுத்த ஆட்டையும் அட்டவணையில் சேர்க்கச் செய்தல் நன்று. கூச்சலிடாத பிராணியின் நிலையைக் கண்டறியும் பயிற்சி அதனாலேயே கிட்டும்.

ஓடு மாற்றும் வேலை நான்கைந்து நாள்களில் முடிந்துவிடும். அந்நாள்களில் பிராணி கற்ற அச்சம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடும். கைமரத்திற்கும் சிமெண்டுக்கும் முன்கூட்டித் திட்டமிடும் வீட்டார், நாயை எங்கே வைப்பது, பசுவை எப்போது கறப்பது, கோழிக்கூட்டை எங்கே மாற்றுவது என்பவற்றையும் அத்திட்டத்தில் சேர்த்துக்கொள்வார்களாயின், வேலைக்காரருக்கும் குழந்தைகளுக்கும் பிராணிகளுக்கும் ஒருங்கே நன்மை உண்டாகும்.